கியாலாவின் ஆறு சாடில்கள்

மூன்றாவது திருகாணி அசையவில்லை. லுக்கேனி கிதாரை மடியில் கவிழாமல் முழங்காலால் அணைத்துக்கொண்டு, செல்போன் பழுதுபார்க்கும் தன் கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை மறுபடி அழுத்தினாள். வெளியே முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. பிணவறையிலிருந்து அப்பாவின் பெட்டி இரண்டு மணிக்கு வரும். அதற்குள் புதிய சாடில்களைக் கழற்றிவிட்டுப் பழையவற்றை மாட்டிவிட வேண்டும்.

அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கின்டாம்போ பேட்டையே திரண்டு வந்து உக்காந்திருக்கு. அழவேண்டிய மக இங்க கிதாரைப் பிரிச்சுப் போட்டிருக்கா."

"அழுதுட்டேன் அத்தை. இது முடியட்டும்."

"முடி, முடி. உங்கப்பன் பொண்ணுதானே நீ," என்று அத்தை துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தந்திகள் ஏறி உட்காரும் ஆறு இரும்புத் துண்டுகள், அவ்வளவுதான் சாடில் என்பது. அப்பா கியாலாவின் முப்பது வருட வியர்வையில் பழையவை துருப்பிடித்து, இருந்த இடத்திலேயே இறுகிப்போயிருந்தன. மெல்லிய தந்தி அறுத்த பள்ளத்தில் அதே தந்தி அறுந்து அறுந்து விழும். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் அத்தை மகனிடம் கெஞ்சி லுக்கேனி புதியவற்றை வரவழைத்தாள். அப்பாவிடம் கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் போன செவ்வாய்க்கிழமை காலை, அவர் மருந்து குடித்துத் தூங்கும்போது மாட்டிவிட்டாள்.

எழுந்தவர் வாசித்துப் பார்த்தார். கிதார்க் கழுத்தின் மேல்பகுதிக்கு விரல்கள் ஏறின. ஒரே இடத்தை மூன்று தடவை மீட்டினார். பிறகு கிதாரைக் கட்டிலில் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. சனிக்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம் என்று டாக்டர் சொன்னார். லுக்கேனிக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய ஒலியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டவள் தான்தான் என்று நான்கு நாட்களாகக் கண் மூடாமல் கிடந்தாள்.

அப்பாவின் இசைக்குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவனின் கருவியில், பெட்டி கல்லறைக்குப் புறப்படும் முன், ஒரு பாட்டாவது வாசித்துவிட வேண்டும். அந்தப் பாட்டாவது அவருடைய பழைய ஒலியிலேயே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

கதவருகில் யாரோ கனைத்தார்கள். நிமிர்ந்தவளுக்குக் கை நின்றுபோனது. மக்காயா. அப்பாவுக்குப் பக்கத்தில் இருபது வருடம் தாள கிதார் வாசித்தவர். ஆறு வருடத்துக்கு முன், மேடையில் எல்லாருக்கும் முன்னால், 'உன் காது செத்துப்போச்சு, சுருதி சேரல' என்று அப்பா கத்தியதிலிருந்து இந்தப் பக்கமே வராதவர்.

"என்னம்மா பண்ற?"

"பழசை மாட்டுறேன் சித்தப்பா. அப்பாவுக்குப் புதுசு பிடிக்கல."

"யார் சொன்னா?"

அவள் சொன்னாள். செவ்வாய்க்கிழமையை, அந்த மூன்று மீட்டலை, கட்டிலில் கிடந்த கிதாரை. மக்காயா கேட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னான் உங்கப்பன். சண்டைக்கு வந்துட்டான்னு நான் கதவைப் பிடிச்சுக்கிட்டேன். 'மக்காயா, உன் காது நல்ல காதுடா. கோணல் என் கிதார்ல இருந்திருக்கு. மேல போகப் போக அதுதான் சுருதி தப்பியிருக்கு. என் பொண்ணு சரி பண்ணின பிறகுதான் எனக்கே கேக்குது'ன்னான்."

லுக்கேனி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை என் கிதாரோட வரச் சொன்னான். 'நீ வர்ற வரைக்கும் தொடமாட்டேன். அவகிட்டயும் அன்னைக்கே, உன் முன்னாலயே சொல்லிடறேன். மன்னிப்பை ரெண்டு தடவை கேக்க என்னால ஆகாது'ன்னான். கழுதை, சனிக்கிழமையே கிளம்பிட்டான்."

"வேற ஒண்ணும் சொல்லலையா சித்தப்பா?"

"'குறை கண்டுபிடிக்க ரொம்பத் தேடினேன், கிடைக்கல'ன்னான்."

அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது. நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது, துக்கம் மட்டும் இருந்தது. அதைச் சுமக்க முடியும் என்று தோன்றியது.

மாட்டிய இரண்டு பழைய சாடில்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றையே மறுபடி வைத்தாள். மக்காயா தந்திகளைப் பிடித்துக்கொண்டார். அவள் திருகாணியைத் திருக, அவர் பன்னிரண்டாம் கட்டையில் விரலை மெல்லத் தொட்டு ஒருமுறை, அழுத்தி ஒருமுறை மீட்டினார். இரண்டு ஒலியும் ஒன்றானதும் அடுத்த தந்தி.

"கொஞ்சம் பின்னால. போதும். உங்கப்பன் மாதிரி முறைக்காத."

பெட்டி வந்தது. ஜெனரேட்டரை முடுக்கினார்கள். மக்காயா கியாலாவின் கிதாரை மாட்டிக்கொண்டு மெதுவாகத் தொடங்கினார். பாட்டு முடுக்கம் பிடித்ததும் நாற்காலிகளில் தோள்கள் அசைந்தன. அழுதுகொண்டே ஒருத்தி எழுந்து ஆடினாள். பெட்டிக்கு அருகில், முன்வரிசையில், லுக்கேனி அந்தக் கோணல் எங்கே வரும் என்று காது கொடுத்திருந்தாள். விரல்கள் மேலே ஏறின, இன்னும் மேலே ஏறின. வரவில்லை.

அவளுக்குக் கொட்டாவி வந்தது. கையால் மறைத்தாள். மறுபடி வந்தது. அத்தை திரும்பி முறைத்துவிட்டு, நாற்காலியை நெருக்கிப் போட்டுத் தோளைக் கொடுத்தாள். பாட்டு முடிந்தபோது லுக்கேனி தூங்கிவிட்டிருந்தாள்.