கதவு திறந்திருக்கும் வரை

எங்கள் கம்பெனியில் ஒரே இயந்திரத்தை மூன்று பேர் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறோம். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி அது. அதை இயக்கும் மென்பொருள் எங்களுடையது. பெட்டி என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் என்னிடம். எப்போது எந்த நிலையில் இருக்கும் என்ற படம் எல்பியோவிடம்; அதை வைத்துத்தான் அவன் புரோகிராம் எழுதுகிறான். எந்தப் பாகம் எந்தப் பாகத்துக்கு எப்போது தகவல் சொல்லும் என்ற படம் எங்கள் முதலாளி ஏபெரிடம். மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். சொல்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நான்கு வருடமாக இந்த வேலை என் உயிரை வாங்குகிறது.

ஏன் ஒத்துப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மொந்தெவிதேயோ ஊரில் கூட்டம் போட்டு எவன் முடிவெடுக்கிறான்? நாலு மணிக்கு மத்தே என்கிற கசப்புத் தேநீர்க் குடுவை கைமாறிச் சுற்றி வரும், அப்போதுதான் எல்லாம். ஒருவர் வெந்நீர் ஊற்ற, ஒருவர் உறிஞ்ச, பேச்சோடு பேச்சாக யாரோ ஒன்றை மாற்றச் சொல்ல, எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் ஒருவர் தன் படத்தில் மட்டும் மாற்றுவார். மற்றவர்கள், அவர்தான் பார்த்துக்கொள்கிறாரே என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எழுதித் தொலையுங்கள் என்று கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். எல்பியோ எனக்குப் போலீஸ்காரம்மா என்று பெயர் வைத்திருக்கிறான்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அரசாங்கச் சோதனை அதிகாரி வருவதாக இருந்தது. அவர் முன்னால் நான் கையெழுத்துப் போட்டால், பதினொரு பெட்டிகள் மறுநாளே வடக்கே எல்லையோர ஆஸ்பத்திரிக்கு லாரி ஏறும். போடாவிட்டால் ஏறாது. அவ்வளவுதான் விஷயம்.

அன்று காலை கடைசியாக ஒருமுறை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பகீரென்றது. குழந்தையின் உடம்புச் சூடு குறைந்தால் பெட்டியில் மணி அடிக்கும். நர்ஸ் ஒரு பொத்தானை அமுக்கி அதை நிறுத்தலாம்; ஆனால் இரண்டு நிமிடத்தில் மறுபடி அடிக்க வேண்டும் என்கிறது என் பட்டியல். ஏபெரின் படமும் அப்படியே. எல்பியோவின் படத்தில் மட்டும், ஒருமுறை நிறுத்திய மணி பெட்டியின் கதவு திறந்திருக்கும் வரை மறுபடி அடிக்கவே அடிக்காது. மணியை நிறுத்திவிட்டு, கதவைச் சரியாகச் சாத்தாமல் நர்ஸ் அடுத்த குழந்தையிடம் ஓடினால், இந்தக் குழந்தை சத்தமில்லாமல் குளிர்ந்துகொண்டே போகும்.

சோதனை அறைக்குப் போய் ஒரு பெட்டியின் கதவைத் திறந்து வைத்தேன். உள்ளே குழந்தைக்குப் பதில் வைத்திருந்த சோதனைப் பொம்மையின் சூடு இறங்கியது, மணி அடித்தது, அமுக்கி நிறுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் போயிற்று, ஐந்து போயிற்று. பத்து நிமிடம் ஆகியும் அந்தச் சனியன் வாயைத் திறக்கவில்லை.

எரிச்சல் தலைக்கேற எல்பியோவின் மேஜைக்குப் போய், வாய்க்கு வந்தபடி கத்தினேன். யாரைக் கேட்டு மாற்றினாய், மாற்றினால் சொல்லித் தொலைக்க வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். அவன் மாற்றங்களின் பதிவைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினான். மார்ச் பதினான்கு, மத்தே நேரத்தில் நிபியா சொன்னபடி, என்று என் பெயரோடு இருந்தது.

"நீதானே சொன்ன," என்றான். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து, அங்க நர்ஸுங்களுக்கு மண்டையே வெடிக்குது, கதவு திறந்திருக்கும்போதாவது இது வாய மூடிக்கிட்டு இருக்கக்கூடாதான்னு கேட்ட. பாவமா இருந்துச்சு. அன்னைக்கே மாத்திட்டேன்."

சொன்னேன். குடுவை என் கையில்தான் இருந்தது. புலம்பலாகச் சொன்னேனா, யோசனையாகச் சொன்னேனா என்று இப்போது பிரித்துப் பார்த்து என்ன பயன்? சொல்லிவிட்டு என் பட்டியலில் ஒரு வரி எழுதியிருந்தால், அந்த இரண்டு நிமிடம் எதற்காக என்று அன்றே எனக்கு உறைத்திருக்கும். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

ஏபெர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். புரோகிராமைத் திருத்தினால் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து. நாற்பது நாள் ஆகும். அது எனக்கும் தெரியும்.

"வடக்க அந்த ஆஸ்பத்திரியில ஒரே பெட்டியில ரெண்டு குழந்தைய படுக்க வெச்சிருக்காங்கம்மா," என்றார். "நீயே கண்ணால பாத்துட்டு வந்தவ. நாப்பது நாள் அதுங்க என்ன பண்ணும்? உன் பட்டியலையும் என் படத்தையும் எல்பியோ படத்துக்குத் தகுந்தாப்புல மாத்திடு. மூணும் ஒண்ணாயிடும். சோதனைக்கு வர்ற அந்தம்மா கேக்கப்போறது அது ஒண்ணுதான்."

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. போய் உட்கார்ந்து மாற்றினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு வருடத்தில் முதல் முறையாக மூன்றும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயின. அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு மணிக்கு அதிகாரி தெச்செரா அம்மா வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவசரமே இல்லை. நான்கு இடத்தில் பென்சிலால் குறி வைத்து, மூன்றிலும் ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சுத்தமான வேலையைச் சமீபத்தில் பார்த்ததில்லை என்று ஏபெரிடம் சொன்னார். ஏபெர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

தெச்செரா அம்மா தாளை என் பக்கம் நகர்த்தி, பேனாவையும் எடுத்துக் கொடுத்தார்.

"மூணும் ஒத்துப்போகுதுன்னு உறுதியா சொல்றீங்களா?"

"ஒத்துப்போகுதுங்க," என்றேன். "மூணுமே தப்பு. தப்பு என்னோடது."

பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த எல்பியோ நிமிர்ந்து பார்த்தான். ஏபெர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்; புரோகிராமைத் திருத்தி மறுபடி பரிசோதித்த அந்த நாற்பது நாளில் ஒரு நாள்கூட அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வடக்கே அந்தக் குழந்தைகள் இரண்டிரண்டாகவே படுத்திருந்தன.