நாலு இன்ச்

நூற்றிருபது பிரதி எடுத்து முடித்த பிறகுதான் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ள ஒத்திகை. விசில் சத்தம் கேட்டதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லாரும் பள்ளிக்கூட மாடிக்கு வந்துவிட வேண்டும். கீழே கையால் வரைந்த சந்தின் படம். இருபத்தாறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் வீட்டு எண், பக்கத்தில் எத்தனை பேர் என்ற கணக்கு. நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டில் மட்டும் குட்டியாக ஒரு நாற்காலி வரைந்திருந்தார்கள். பதினேழாம் கட்டத்தில் 'ஒருவர்' என்று இருந்தது. நாற்காலி இல்லை. அது அவள் வீடு. சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தாள்களைத் தட்டி அடுக்கி ரப்பர் பேண்டு போட்டாள்.

பஸ் ஸ்டாப் அருகே இருக்கும் அந்த ஸ்டேஷனரி கடையில் பதினோரு வருடமாக ஜெராக்ஸ் மிஷினோடு நிற்பவள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் சந்தில் யாருக்கும் தெரியாது. சின்னவர்களுக்கு ஜெராக்ஸ் அக்கா, பெரியவர்களுக்கு ஜெராக்ஸம்மா. கணவன் இறந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. முதல் மாதம் பார்க்க வந்தவர்கள் அவள் அழாததைப் பார்த்து, மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே என்றார்கள். மனசுக்குள்ளும் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது? குழம்பில் உப்பு போட மறந்து, மூன்று நாள் கழித்துத்தான் நினைவு வந்தது. அந்த மூன்று நாளும் அதைத்தான் சாப்பிட்டிருந்தாள். காலையில் பல் தேய்த்தோமா இல்லையா என்று தெரிய பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

நோட்டீஸை வாங்கிப்போக எலக்ட்ரீஷியன் வந்தான். தெருக் குழுவை ஆரம்பித்தவன் அவன்தான். வேலை முடிந்து வந்ததும் வீடு வீடாக ஏறி, தரையோடு இருந்த பிளக் பாயிண்டுகளைப் பெயர்த்து நெஞ்சு உயரத்தில் வைத்துக் கொடுத்தான். அதே சந்தில் இருக்கும் கணக்கு டீச்சரோடு சேர்ந்து சாக்கடையின் ஆழத்தை அளந்தான். வீட்டுக்கு ஒரு விசில், சந்துக்கு இரண்டு கயிறு என்று வாங்கி வைத்தான். அவனுக்கு ஏன் இவ்வளவு வேகம் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. போன வருட வெள்ளத்தில் அவள் கணவனை நாற்காலியோடு தூக்கிய இரண்டு பேரில் அவன் ஒருவன்.

அன்று வெள்ளம் காலை பதினோரு மணிக்கு வந்தது. பக்கவாதத்தில் விழுந்த மனிதர். இடது கால் கட்டை மாதிரி நீட்டியபடியே நிற்கும், மடங்காது. முன்னால் எலக்ட்ரீஷியன், பின்னால் இப்போது வீடு மாறிப்போய்விட்ட ஒரு டிரைவர். சந்து திரும்புகிற முனையில் அந்தக் கால் டெய்லர் வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டது. பின்னுக்கு இழுத்துத் திருப்பினார்கள், சாய்த்தார்கள், மறுபடி முட்டியது. தண்ணீர் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறிவிட்டது. கடைசியில் நாற்காலியை விட்டுவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டபோது கால் இடறி மூன்று பேரும் விழுந்தார்கள். அவர் இரண்டு தடவை தண்ணீருக்குள் போய் வந்தார். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. நுரையீரலில் சேறு என்றார்கள்.

"நாற்காலில உக்கார ஒரு ஆள் வேணும்" என்றான் எலக்ட்ரீஷியன், நோட்டீஸ் கட்டைப் பார்த்தபடியே. "டீச்சரோட அம்மாவைக் கேட்டோம். உயிரோட இருக்கிறவளைத் தூக்கிப் பாக்க ஆசையாடான்னு திட்டி அனுப்பிட்டாங்க."

"நான் உக்கார்றேன்" என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்தான். "அக்கா, வேண்டாம். நீங்க எதுக்கு?"

"யாராவது உக்காரணும்ல."

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அடுத்த ஆள் ஹால் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நின்றான். வாங்கிக் கண்ணாடியின்மேல் வைத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதியபோது அவள் தயாராக வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எலக்ட்ரீஷியன் முன்னால், பால் பூத்துக்காரர் பின்னால். "மகாராணி பல்லக்கு வருது, வழி விடுங்க" என்று பால் பூத்துக்காரர் சொல்ல, ஜன்னல்களில் சிரிப்பு. கணக்கு டீச்சர் ஸ்டாப் வாட்சோடு கூடவே ஓடி வந்தாள். தூக்கிய கணத்தில் நாற்காலியில் இருந்தவள் தன் இடது காலை நேராக நீட்டி வைத்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியன் திரும்பி அந்தக் காலைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் திரும்பவே இல்லை.

முனையில் அவள் குதிகால் சுவரில் முட்டியது.

பின்னுக்கு இழுத்துத் திருப்பினார்கள். முட்டியது. சாய்த்தார்கள். முட்டியது. சிரிப்பு நின்றுவிட்டது. சுவர் அவள் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. நீல நிற டிஸ்டெம்பர், அதற்கடியில் பழைய மஞ்சள், ஓர் ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டை. அவரும் இதைத்தான் பார்த்திருப்பார். அப்படித் தோன்றிய பிறகு ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. குதிகால் மட்டும் லேசாக எரிந்தது.

"காலை மடக்கிக்கோங்கம்மா, போயிடலாம்" என்றார் பால் பூத்துக்காரர்.

"மடங்காது" என்றாள்.

டெய்லர் வெளியே வந்தார். கழுத்தில் டேப் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு அது சட்டைக் காலர் மாதிரி. மிஷின் வைக்க இடம் போதவில்லை என்று, முன்னொரு காலத்தில் அந்த முனைச் சுவரை ஒரு முழம் வெளியே இழுத்துக் கட்டியவர். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. அந்தச் சந்தில் படியையோ தொட்டியையோ வெளியே இழுக்காத வீடே கிடையாது.

"எவ்வளவு இடம் வேணும்னு அளக்கணும் அண்ணே" என்றாள் கணக்கு டீச்சர். "அந்த டேப்பைக் கொஞ்சம் தர்றீங்களா?"

டெய்லர் டேப்பைக் கழற்றவில்லை. அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாலு இன்ச்" என்றார்.

"அளக்காமலே எப்படி?"

"அளந்துட்டேன். தண்ணி வடிஞ்ச அன்னிக்கே." அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவளைப் பார்த்துச் சொன்னார். "அந்த நாற்காலி இங்கதான் சேத்துல கிடந்துது. நிமித்தி வச்சு அளந்தேன். நாலு இன்ச் இருந்திருந்தா திரும்பியிருக்கும்மா."

அவளை இறக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் இரண்டு பேரும் தூக்கியபடியே நின்றார்கள். எலக்ட்ரீஷியனின் பிடரியில் வியர்வை ஊறி இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

"அப்பவே ஏன் இடிக்கலண்ணே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கலர் பிரிண்டா, கறுப்பு வெள்ளையா என்று கேட்கிற அதே குரல்.

"இடிச்சா..." டெய்லர் டேப்பின் முனையை விரலில் சுற்றினார். "இடிச்சா, அதனாலதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல? தினம் காலையில எழுந்து இன்னிக்கு ஆளைக் கூப்பிடலாம்னு நினைப்பேன். நீங்க கடைக்குப் போக இந்தப் பக்கம் வருவீங்க. உடனே உள்ள போயிடுவேன்."

உண்மைதான். ஒரு வருடமாக அந்த வாசலில் அவரை அவள் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதையும் அவள் கவனித்ததில்லை.

"கை கடுக்குதா உங்களுக்கு?" என்று தூக்கியவர்களைக் கேட்டாள். "இறக்குங்க."

இறங்கிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள். மாடியில் வருகைப் பதிவில் பதினேழாம் எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். ஒத்திகை தோல்வி என்று கணக்கு டீச்சர் சாக்பீஸால் எழுதிவிட்டு, அந்த வார்த்தை அதிகப்படியோ என்று அழித்து, 'திரும்பச் செய்யவும்' என்று எழுதினாள்.

புதன்கிழமை சுவரை இடித்தார்கள். கொத்தனார் வருவதற்கு முன்பே டெய்லர் தானே உளியும் சுத்தியலுமாக ஆரம்பித்துவிட்டாராம். கட்டைவிரலில் அடித்துக்கொண்டு, ரத்தத்தோடு நின்றவரை அவர் மனைவி உள்ளே இழுத்துப் போனாளாம். கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நாலு இன்ச் கேட்டால் ஒரு முழத்தையும் எடுத்துவிட்டார், மிஷினை இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார் என்றார்கள். அவள் கேட்டுக்கொண்டே பக்கங்களை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு எலக்ட்ரீஷியன் தயங்கித் தயங்கி வந்தான். "இந்தத் தடவையும் உக்காருவீங்களாக்கா?"

"இல்ல. நான் தூக்கறேன்."

"வெயிட்டா இருக்கும்."

"இருக்கட்டும்."

நாற்காலியில் யார் என்று பேச்சு எழுந்தபோது, கட்டைவிரலில் கட்டோடு டெய்லர் வந்து உட்கார்ந்தார். கனத்த உடம்பு. ஒருவரும் கேலி செய்யவில்லை. இரண்டு பேர் போதாது என்று பின்பக்கத்துக்கு இருவராக நின்றார்கள். பால் பூத்துக்காரர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். விசில் கேட்டதும் டெய்லர் தானாகவே இடது காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

தூக்கியதும் தோள்பட்டையில் ஏதோ இழுத்தது. பத்து அடி போவதற்குள் மூச்சு வாங்கியது. இத்தனை கனத்தையா இவன் தண்ணீருக்குள் சுமந்தான் என்று எலக்ட்ரீஷியனின் முதுகைப் பார்த்து நினைத்துக்கொண்டாள். முனை வந்தது. உடைத்த இடத்தில் செங்கல்லின் உள்சிவப்பு அப்படியே தெரிந்தது, இன்னும் பூசவில்லை. டெய்லரின் கால் அதைக் கடந்து, எதிலும் படாமல், காற்றில் மெதுவாகத் திரும்பியது. யாரோ கை தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

சந்து முடிகிற மெயின் ரோட்டின் ஓரத்தில் நாற்காலியை இறக்கினார்கள். "மூணு நிமிஷம் நாப்பது செகண்டு" என்றாள் கணக்கு டீச்சர். அடுத்த வீட்டு நாற்காலியைப் பார்க்க எல்லாரும் சந்துக்குள் திரும்பி ஓடினார்கள்.

டெய்லர் எழுந்திருக்கவில்லை. காலை நீட்டியபடியே, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். அவர் தோள்கள் குலுங்குவது நாற்காலி முதுகைப் பிடித்திருந்த அவள் கைக்குத் தெரிந்தது. முன்னால் போய் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கையை எடுக்கவும் தோன்றவில்லை. ஸ்டாப்புக்கு வந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. பிறகு, இவர்கள் நகரப்போவதில்லை என்று தெரிந்து, நாற்காலியைச் சுற்றி மெதுவாக ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனது. ஜன்னலோரம் இருந்தவர்கள் தலையை நீட்டி, கண்ணுக்கு மறையும்வரை இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே போனார்கள்.