நூறுகளில் குறிப்பிடவும்

அந்தப் பை தைக்கும் கடையில் கணவன், மனைவி இரண்டே பேர். மூன்றாவதாக ஒருத்தியைச் சேர்க்க ஆசைப்பட்டார்கள். தெருக்கோடித் தொழிற்சாலை முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பியபோது வேலை இழந்தவள் அவள். வேலை தருபவர்களுக்கு ஆறு மாதம் பாதிச் சம்பளத்தை அரசே கொடுக்கும் என்று கேள்விப்பட்ட கடைக்காரர், சாமியைக் கும்பிட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்பினார். ‘உருவாக்கும் வேலைகள்’ என்ற கட்டத்தில் ‘1’ என்று எழுதினார். கீழே கடுகளவு எழுத்தில் ‘நூறுகளில் குறிப்பிடவும்’ என்றிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

பத்தாம் நாள் அதிகாரி வந்தார், கழுத்தில் கேமராவோடு.

“நூறு பேருக்கு வேலை தர்றீங்களாமே, எங்க எல்லாரும்?”

மூன்று தையல் எந்திரம் போட்டால் மூச்சுவிட இடமில்லாத அறை அது. அவள் மட்டும் எழுந்து நின்றாள்.

“இவங்கதான் சார்,” என்றார் கடைக்காரர்.

“மீதி தொண்ணூத்தொன்பது?”

“அலமாரிக்குப் பின்னாடி பாருங்க,” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு.”

விஷயம் புரிந்ததும் அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “இனிமே எடுப்போம்னு எழுதிக் கொடுங்க, போதும். அந்தத் தொழிற்சாலை அப்படித்தான் கொடுத்துது. விருதே வாங்கிட்டாங்க.”

“முந்நூறு பேரை அனுப்பினதுக்கா?” என்றாள் அவள்.

“அனுப்பினதுக்குக் கட்டம் இல்லம்மா.”

கடைக்காரர் மறுப்பாகத் தலையாட்டினார். “பொய் எழுதிட்டு சாமி முன்னாடி எப்படி நிப்பேன்? ஒருத்தர்னே போடுங்க சார்.”

“நூறுல ஒண்ணைக் கம்ப்யூட்டர் பூஜ்யம்னுதான் எடுத்துக்கும். உதவி கிடைக்காது.”

அவள் செருப்பைத் தேடினாள். “பரவால்லண்ணே. என்னால உங்களுக்கு எதுக்கு வம்பு?”

“நீ உக்காரும்மா,” என்ற மனைவி, கணவன் பக்கம் திரும்பினாள். “ஆள் இல்லைன்னு ஒரு பள்ளிக்கூட ஆர்டரைத் திருப்பி அனுப்பினோமே, இன்னைக்கே போய்க் கேளுங்க. இவ சம்பளத்துக்கு அது போதும்.”

“இப்ப போய்க் கேட்டா...”

“கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?”

கடைக்காரர் சட்டையை மாட்டினார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“அப்போ பூஜ்யம்னே எழுதிடட்டுமா?”

“எழுதிக்கோங்க சார். பூஜ்யம்னா வணங்கத்தக்கதுன்னும் ஓர் அர்த்தம் இருக்கு,” என்றார் கடைக்காரர்.

அதிகாரி எழுதினார். வாசல்வரை போனவர் தயங்கித் திரும்பினார். “என் பொண்ணுக்கு ஒரு பை வேணும். எப்ப கிடைக்கும்?”

“நூறு பேர் இருந்தா இப்பவே கிடைக்கும்,” என்றபடி ஊசியில் நூல் கோத்தாள் அவள். “நான் ஒருத்திதானே, நாளைக்கு வாங்க சார்.”