கண்ணை மூடிக்கொண்ட வாத்தியார்

பட்டாபிராமன் கால்களை நீட்டி, நெற்றி முழங்காலில் பட மடங்கியிருந்தான். நிமிர்ந்து கண்ணைத் திறந்தபோது, எதிரே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர்தான் மிச்சம்.

"மத்தவாள்ளாம் எங்கே?"

"நீங்க மடங்குனதும் ஒவ்வொருத்தனா நழுவிட்டாய்ங்க மாஸ்டர்" என்றார் கைலிக்கடை யூனுஸ்.

"நீங்களாவது மரியாதை தெரிஞ்சவர்."

"அட, நீங்க வேற! என்னால எந்திரிக்க முடியல. கையைக் குடுங்க."

செல்லூரில் நெசவாளர்கள் கூடும் கொட்டகையில்தான் தினமும் காலையில் அந்த யோகாசன வகுப்பு நடந்தது. நாளெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்து முதுகு விட்டுப்போனவர்கள் ஆசையாகத்தான் வந்தார்கள். முதல் நாள் அவன் தலைகீழாக நின்றதும், "சர்க்கஸ் தோத்துச்சுண்ணே!" என்று நெசவாளி சின்னான் கை தட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்று பட்டாபிக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குப் பிறகு கூட்டம் நாளுக்கு நாள் கரைந்தது.

வீட்டில் மாமனார் பிச்சுமணி பேரையூரிலிருந்து வந்து காத்திருந்தார். தெரிந்த பஞ்சு மண்டியில் பட்டாபிக்குக் குமாஸ்தா வேலை பார்த்து வைத்திருந்தார். விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். வேலையை ஒத்துக்கொண்டால் வகுப்பை மூடிவிட வேண்டியதுதான்.

"நாளைக்குப் பதில் சொல்லிடுங்கோ மாப்பிள்ளே. ஆள் வராத கிளாஸைக் கட்டிண்டு அழறதுக்கு இது தேவலை."



மத்தியானம் அவர் கடைத்தெருப் பக்கம் போனதும் மனைவி ஸ்யாமளா கதவைத் தாழிட்டாள். "எனக்குச் சொல்லித் தாங்கோ. குழந்தை பொறந்ததுலேர்ந்து இடுப்பு விட்டுப் போறது."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

பட்டாபி அவள் எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடி மடங்கினான்.

"ஏன்னா, நீங்க கண்ணை மூடிண்டா நான் பண்றதை யார் பாக்கறது?"

"ஆசனத்துல கண்ணை மூடிக்கணும். மைசூர்ல என் குரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தார்."

"உங்களை மூடிக்கச் சொன்னார், சரி. அவரும் மூடிண்டாரா?"

பட்டாபிக்குச் சுருக்கென்றது. அங்கே அவனுடைய இடுப்பு கொஞ்சம் கோணினாலும் போதும், ஒரு கை வந்து முதுகில் பதியும். அந்தக் கையின் சூடு இன்னமும் நினைவிருந்தது. அது எப்படிச் சரியாக வந்தது என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. மாணவனுக்குச் சொன்ன விதியை வாத்தியாரான பிறகும் பிடித்துக்கொண்டிருக்கிறான்!

"நீ பண்ணு" என்றான். "நான் பாக்கறேன்."

ஸ்யாமளா குனிந்தாள். குனியும் முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தோள் இரண்டும் காது வரை ஏறின. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும், குழந்தையை வாரி எடுக்கும்போதும் அவள் இப்படித்தான் செய்வாள். ஒரே வீட்டில் இருந்தும் அவன் கண்ணில் அது பட்டதே இல்லை.

தலையணையை மடித்து அவள் அடியில் வைத்தான். "முட்டியை மடக்கிக்கோ. மூச்சை விட்டுண்டே குனி. எட்டின மட்டும் போதும்."

தோள்கள் மெல்ல இறங்கின. "அப்பாடா" என்றாள் அவள். அந்த ஒரு சொல் அவனுக்கு முதல் நாள் கைதட்டலை விட இனித்தது.

மறுநாள் காலை யூனுஸ் மட்டும் இடுப்பைப் பிடித்தபடி வந்தார். பட்டாபி உட்காரவில்லை.

"என்ன மாஸ்டர், இன்னைக்கு வித்தை இல்லையா?"

"இல்லே பாய். இன்னைக்கு உங்களைப் பாக்கப்போறேன்."

"என்னையவா? என்னையப் பாத்து என்னா செய்யப்போறீக!" என்று சிரித்தவர், குனியும்போது மட்டும் பல்லைக் கடித்தார். பட்டாபி தன் துண்டை மடித்து அவருக்கு அடியில் கொடுத்து, முதுகில் கையை வைத்துக்கொண்டான். பிடித்த மூச்சு விடுபடும்வரை கையை எடுக்கவே இல்லை.

போகும்போது யூனுஸ் தானாகவே எழுந்துவிட்டார். "வலி போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன் மாஸ்டர். ஆனா நாளைக்கும் வாரேன்."

வீட்டில் பிச்சுமணி பெட்டியோடு தயாராக இருந்தார். "மண்டியில என்ன சொல்லட்டும்?"

"வேண்டாம் மாமா. கிளாஸ் இருக்கு."

"எத்தனை பேர் வரா?"

"ஒருத்தர்."

"ஒருத்தரா!"

அடுப்படியிலிருந்து ஸ்யாமளாவின் குரல் வந்தது: "ரெண்டு பேர், அப்பா."