ஏசிக்கு நேரே ஒரு நாற்காலி

ரோகிணிக்கு அழுகை சுலபத்தில் வராது. கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு ரயிலேறிய அன்று, பொள்ளாச்சியே அழுதபோதும் அவள் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவள். அப்படிப்பட்டவள் முன்னால்தான், டீம் லீடர் பதவிக்கான நேர்காணலில், மேனேஜர் ராமசுவாமி டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார்.

"டென்ஷன் நக்கோ மேடம். மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்க." 'வேண்டாம்' என்பதே 'நக்கோ'வாகிவிடும் அளவுக்கு மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் ஊறிய தமிழ் அவருடையது.

"அழுகலைங்க சார். கண்ணு காஞ்சு போனா இப்படித் தண்ணி ஊத்துமுன்னு டாக்டர் சொன்னாரு. ஏசி காத்து நேரா என்ற மூஞ்சிலதான் அடிக்குது."

ராமசுவாமி பரிவோடு தலையாட்டிவிட்டு, படிவத்தில் 'உணர்ச்சிவசப்படுபவர்' என்று எழுதினார். அவள் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். உப்பல் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக இன்சூரன்ஸ் பாலிசிகளைத் திரையில் வரிவரியாகப் படித்துப் பிழை பிடிப்பவளுக்கு இதுவா தெரியாது? அந்த ஒரு வார்த்தை போதும், பதவி கைநழுவிப் போக.

டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் செய்துகொண்டுதான் இருந்தாள். திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கியாயிற்று. இருபது நிமிடத்துக்கொருமுறை ஜன்னல் வழியே தூரத்து மெட்ரோ ரயிலைப் பார்ப்பாள், நினைவு வைத்துக்கொண்டு கண்ணை முழுசாக மூடித் திறப்பாள். ஏசியின் காற்றைத் திருப்பிவிடச் சொல்லிப் போட்ட மூன்று மெயில்கள்தான் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன.

"சார், நாளைக்குக் காலையில என்ற சீட்ல உக்காந்து ஒரு பாலிசிய முழுசாப் படிங்க. கண்ணு கலங்கலைன்னா நீங்க எழுதுனது அப்படியே இருக்கட்டும். கலங்குச்சுன்னா அடிச்சிருங்க."

"ஹவ், சரி, படிச்சாப் போச்சு," என்றார் அவர்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தார். மனிதர் ரோஷக்காரர், இமைக்காமல் படித்தார். அதுவே வினையாயிற்று. பத்து மணிக்குக் கண் சிவந்தது. பதினொன்றுக்குக் கண்ணீர் கன்னத்தில் தாரையாக இறங்கியது. பக்கத்து சீட் சாஹித்யா பதறிப்போய், "சார்க்கி ஏமைந்தி?" என்று, என்ன ஆயிற்றோ எனத் தெலுங்கில் உரக்கக் கேட்டுவிட்டாள். தளமே திரும்பிப் பார்த்தது.

ரோகிணி நிதானமாக டிஷ்யூ பெட்டியை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"டென்ஷன் நக்கோங்க சார். மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்க."

ராமசுவாமி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். மூக்கை உறிஞ்சியபடி படிவத்தை எடுத்து அந்த வார்த்தையை அடித்தார்.

"மொதல்ல இந்த ஏசியத் திருப்பச் சொல்லுங்க மேடம்."

"மூணு தடவ சொல்லியாச்சுங்க சார். யாரு கேக்கறாங்க?"

"டீம் லீடர் சொன்னா கேப்பாங்க," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.