இரண்டு விரல் சந்து

என் தங்கை வீட்டுப் படுக்கையறைக்கு நான் கதவு மாட்டுவது இது இரண்டாம் முறை. முதல் கதவை மூன்று நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை உதைத்தே பிளந்துவிட்டார். உதைத்த உதையில் நிலையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கோணல் நிலைக்கு நேர்க்கதவு எப்படிப் பொருந்தும்? மேல் மூலையில் இழைத்தேன், பக்கத்தில் இழைத்தேன், தூக்கி வைத்துப் பார்த்தேன், இறக்கி மறுபடி இழைத்தேன். இடுப்பு விட்டுப்போனது. ஆனால் வேலை என்றால் அது வேலை. தரையில் உரசாது, அடியில் ஓர் அட்டைகூட நுழையாது. போன கதவும் அப்படித்தான். நான் மாட்டிய கதவுக்கு அடியில் எறும்பு போனதாகச் சரித்திரமே கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான்.

"எப்படி?" என்றேன்.

தங்கை கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி தரையைப் பார்த்தாள். "அடியில இன்னும் கொஞ்சம் அறுத்துடுண்ணா. ரெண்டு விரல் போற மாதிரி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பைத்தியமா உனக்கு? பூச்சி பொட்டெல்லாம் உள்ள வரும். பாக்கிறவன், தச்சனுக்கு அளக்கவே தெரியலன்னு காறித் துப்புவான்."

"துப்பட்டும். அறு."

"எதுக்குன்னு சொல்லேன்."

"அவரு கால் தெரியணும்."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள், கடைக்குப் போய் வந்த கதை போல.

"போன மாசம் உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் வெளிய சத்தமே இல்ல. போயிட்டாருன்னு நெனச்சுத் திறந்தேன். வெளியதான் நின்னுட்டிருந்தாரு. அன்னைக்குத்தான் கை ஒடஞ்சது. அப்புறம் சத்தம் இல்லன்னாலும் நான் திறக்கல. அதான் கதவ ஒடச்சாரு."

வழுக்கி விழுந்ததாக என்னிடம் சொன்ன கை அது. என் வேலைத்திறமையில் இடி விழ!

"துணிமணிய எடு. பாப்பாவக் கூட்டிட்டு இப்பவே கிளம்பு."

"மூணு தடவ வந்தேனேண்ணா. மூணு தடவையும் நீதான வண்டியில கொண்டுவந்து விட்ட? கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மான்னு."

"இந்தத் தடவ விட மாட்டேன்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை, அவள் எப்படி நம்புவாள்?

"அறுண்ணா. அவரு வர்ற நேரமாச்சு."

கதவைக் கழற்றிக் கிடத்தி அறுத்தேன். முப்பது வருஷத்தில் முதல் முறையாக ரம்பம் கோட்டை விட்டு விலகியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. திரும்ப மாட்டியதும் ஐந்து வயது மகளோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க என்னை வெளியே நிற்கச் சொன்னாள். மூச்சுக் காட்டாமல் நின்றேன்.

சந்தில் குழந்தையின் கன்னம் தரையோடு தரையாகப் படிந்தது. ஒரு கண் என் கால்களைப் பார்த்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, திறக்காத. இன்னும் நிக்குது."