வலது காலில் சிவப்பு

பதினொன்றரைக்கு துறைமுகத் திருவிழாவின் பீர் கூடாரத்தில் இருக்க வேண்டும். இப்போது மணி பதினொன்று ஐந்து.

இன்னஸ் கௌவி இடுப்பில் கில்ட் என்ற கட்டம்போட்ட ஆண் பாவாடையைச் சுற்றி, முழங்கால் வரை சாக்ஸ் ஏற்றி, கட்டில்மேல் கிடந்த நான்கு கார்ட்டர்களையும் கொலைகாரனை அடையாளம் காட்ட வந்த சாட்சி மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாக்ஸ் நழுவாமல் பிடிக்கும் எலாஸ்டிக், அதில் தொங்கும் இரண்டு விரல் அகலத் துணி வால். அவ்வளவுதான் கார்ட்டர். அந்த வால் மட்டும் சாக்ஸின் மடிப்புக்குக் கீழே எட்டிப் பார்க்கும். எங்கள் போர்ட்ராக்கி மீன்பிடி ஊரில் ஓர் ஆணின் ஜாதகமே அந்த வாலில்தான் இருக்கிறது.

நான்கில் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை. இன்னஸின் கண்ணுக்கு நான்குமே பழைய தேயிலைச் சக்கை.

வியாழக்கிழமை வாங்கியபோது கடைக்கார எல்ஸ்பெத் இரண்டு ஜோடிகளையும் தனித்தனி உறையில் போட்டு, மேலே நிறத்தின் பெயரை எழுதித்தான் கொடுத்தாள். எது இறுக்காமல் இருக்கிறதென்று பார்க்க நான்கையும் ஒன்றாக வெளியே எடுத்தது இவன் செய்த முட்டாள்தனம். உறைகள் ஒரு பக்கம், கார்ட்டர்கள் ஒரு பக்கம்.

யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் இருபத்தெட்டு வருட ரகசியம் போச்சு.

பதினெட்டு வயதில் ஸ்கிப்பர், அதாவது மீன்பிடிக் கப்பல் கேப்டன், ஆவதற்கான தேர்வுக்குப் போனான். இருட்டறையில் விளக்கைக் காட்டி, சிவப்பா பச்சையா என்று கேட்டார்கள். இரண்டாவது நிமிஷமே வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பா பெரிய ஸ்கிப்பர். மானம் போகக்கூடாதே! "பையனுக்கு ரொட்டி சுடறதுலதான் ஆசை" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிவைத்தார். அந்தப் பொய்க்காகவே இன்னஸ் பேக்கரி வைத்தான். பொய் நன்றாகவே உப்பி வந்தது.

போன் அடித்தது. ரோனா.

"கிளம்பிட்டியா? கறுப்புக் கோட்டு கிட்டு மாட்டிக்கிட்டு வந்துடாதே. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தவன் மாதிரி இருக்கும்."

"சாம்பல் ஸ்வெட்டர்தான்."

"சாக்ஸ்?"

"கரிக்கலர். பழைய பூட்ஸ்."

"என் தங்கம். கார்ட்டர் சிவப்பு, ஞாபகம் இருக்குல்ல? கில்ட்ல ஓடற மெல்லிசு சிவப்பு வரியோட சேரும். என் ஸ்கார்ஃபும் சிவப்பு. நாம ரெண்டு பேரும் யாருன்னு சொல்லாமலே ஊருக்குப் புரியணும்."

"சிவப்பு. சரி."

"அண்ணன் கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லு. அவன் கை குடுத்துட்டா திங்கட்கிழமை காலையில ரிஜிஸ்தர் ஆபீஸ். இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அண்ணன் ஹெக்டர் ஸ்லேட்டர், வலை இழுக்கும் ட்ராலர் கப்பலின் ஸ்கிப்பர். போன வருஷம் ரோனாவைப் பெண் கேட்டு வந்தவன் வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தான். "எந்த ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆள் ஊரையே காலி பண்ணிவிட்டான்.

ஆனால் இன்னஸ் பயந்தது ஹெக்டருக்கு அல்ல. ரோனாவின் முதல் புருஷன், கடலில் வலை வீசுகிறேன் என்று சொன்ன நாளெல்லாம் அபெர்டீனில் ஒரு பல் டாக்டரம்மா வீட்டில் இருந்தவன். அதனால் ரோனாவுக்கு ஒரே நிபந்தனை. அழகன் வேண்டாம், பணக்காரன் வேண்டாம், பொய் சொல்லாதவன் போதும்.

இன்னஸ் நான்கையும் ஜன்னல் விளிம்பில், வெளிச்சத்தில் பரப்பினான். இரண்டு கொஞ்சம் கறுத்துத் தெரிந்தன. அதுதான் சிவப்பு! சட்டென்று மாட்டினான், ஓடினான்.

அந்த இரண்டில் ஒன்று சிவப்பு. இன்னொன்று, விளிம்பில் தேங்கிய தூறலில் நனைந்து கறுத்த பச்சை.

கூடாரத்துக்கு வெளியே தூறல். உள்ளே பதினைந்து ஸ்கிப்பர்கள், ஆளுக்கொரு கிளாஸ். இன்னஸ் நுழைந்ததும் ஹெக்டரின் பார்வை முகத்தில் அரை நொடி நின்று, நேராக முழங்காலுக்குக் கீழே இறங்கியது.

"எல்லாரும் எந்திரிங்கடா!" ஹெக்டர் கத்தினார். "கப்பல் வருது!"

பதினைந்து தலைகள் திரும்பின.

"வலது கால்ல சிவப்பு, இடது கால்ல பச்சை! ஆளைப் பார்த்தா நம்ம பக்கம் வர்றான். விளக்கைப் பார்த்தா நம்மள விட்டுப் போறான்!"

கூடாரம் அதிர்ந்தது. கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை என்பது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ஒருவன் மேஜையில் கவிழ்ந்து குலுங்கினான். ஒருவனுக்கு பீர் மூக்கு வழியாக வந்தது.

"ரொட்டிக்காரனுக்கு இவ்வளவு கொழுப்பா!" ஹெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஸ்கிப்பருங்க கூட்டத்துலயே வந்து எங்களைக் கிண்டல் பண்றான் பாரு! இவன்தான்டா மாப்ளே!"

கையை நீட்டினார். பலகை மாதிரிக் கை.

ரோனா சிவப்பு ஸ்கார்ஃபுடன் ஓரமாக நின்றிருந்தாள். முகமெல்லாம் பெருமை. இன்னஸ் கையை நீட்டினால் போதும். திங்கட்கிழமை தயார்.

நீட்டினான். தொடப்போகும் நேரத்தில் ஹெக்டர் தன் கையை இழுத்துக்கொண்டார்.

"இரு இரு. போட்டோ எடுக்கணும். எங்க கூடாரத்துல கப்பல் பின்னால போகக்கூடாது. மாத்திப் போடு."

லேசான வேலைதான். வலது காலில் இருப்பது இடதுக்கு, இடதில் இருப்பது வலதுக்கு. இன்னஸ் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றினான். பக்கத்தில் இருந்தவன் சிரிப்பு அடங்காமல் முதுகில் ஓங்கித் தட்ட, இரண்டும் புல்லில் விழுந்தன.

குனிந்து எடுத்தான். கையில் இரண்டு தேயிலைச் சக்கை.

எது எது?

பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. தப்பாகப் போனால் அதையும் கிண்டல் என்றே நினைப்பார்கள். வாழ்க்கை முழுக்க இப்படியே ஓட்டலாம்.

நிமிர்ந்தான். ரோனாவைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?" என்றார் ஹெக்டர்.

"எது சிவப்பு, எது பச்சைன்னு. எப்பவுமே தெரியாது. விளக்குத் தேர்வுல தோத்தவன் நான். கிண்டல் எல்லாம் பண்ணல கேப்டன். தெரியாமத்தான் மாட்டிட்டு வந்தேன்."

சிரிப்பு நின்றது.

ரோனா மெதுவாக முன்னால் வந்தாள். "ரொட்டி மேல ஆசைப்பட்டு கடலை விட்டேன்னு சொன்னது?"

"பொய். அப்பா ஆரம்பிச்சது. நான் முடிக்கல."

"எட்டு மாசமா இந்த ஸ்கார்ஃப் அழகா இருக்கு, அழகா இருக்குன்னியே?"

"சிவப்புன்னு நீ சொன்னே. அழகு எனக்கே தெரிஞ்சுது."

ஹெக்டர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். ரோனா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"வேற ஏதாவது இருக்கா? இப்பவே சொல்லிடு. அப்புறம் தெரிஞ்சுது, தொலைச்சுடுவேன்."

"நீ வைக்கிற புகைமீன் சூப்."

"அதுக்கென்ன?"

"நல்லா இருக்குன்னு சொன்னது."

"அடப்பாவி!" யாரோ முனகினார்கள். அதைக் கேட்டு ஹெக்டர்தான் முதலில் வெடித்தார். "ரோனா, அந்த சூப்பைப் பத்தி உண்மையைச் சொல்ல எனக்கே இருபது வருஷமா தைரியம் வரலடி! அம்மாவுக்கும் வரல! குடு கையை, மாப்ளே!" இழுத்துப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் இன்னஸின் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது.

ரோனா மட்டும் சிரிக்கவில்லை. இன்னஸின் கையிலிருந்த இரண்டு கார்ட்டர்களையும் பிடுங்கித் தன் கைப்பையில் திணித்தாள். பிடிப்பில்லாத சாக்ஸ் இரண்டும் சரசரவென்று வழிந்து அவன் பூட்ஸ் மேல் குவிந்தன. பதினைந்து ஸ்கிப்பர்கள் முன்னால் இரண்டு வெளுத்த கெண்டைக்கால்கள்.

அவள் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதட்டோரம் ஒரு தடவை துடித்தது.

"திங்கட்கிழமை காலை பத்து மணி," என்றாள். "பேன்ட் போட்டுக்கிட்டு வா."